நிஜின் லென்ஸ் தேர்ந்த படலம்

வருக, வாழ்க, நீடு நிலைபெறுக! நெய்யாற்றின் தென்கரைக்கும் களியக்காவிளைச் சந்தைக்கும் இடைப்பட்ட வளநாட்டில், மின்கம்பம்தோறும் லைன்மேனை ஏற்றி இருளை ஓட்டியவனும், இடிமழை இரவுகளில் அறுந்த கம்பிக்கெல்லாம் தொலைபேசி வழியே ஆறுதல் உரைத்தவனும், பாறசாலை மின்வாரிய அலுவலகத்தின் ஓவர்சியர் ஆசனத்தைப் பதினோராண்டுகளாக அலங்கரிப்பவனும், ஞாயிறுதோறும் ஆலயத்தின் மூன்றாம் வரிசையில் அமர்ந்து, பிரசங்கம் நடக்கையில் பாவத்தை எண்ணாமல் ஜன்னல் வெளிச்சத்தை எண்ணுபவனுமாகிய நிஜின் என்னும் வீரனைப் பாடப் புகுந்தோம். கேட்க வந்தோர் போனைச் சைலண்டில் போட்டுக்கொள்ளலாம்.

ஊருக்கெல்லாம் விளக்கேற்றும் அவ்வண்ணலுக்குத் தன் இல்லாளின் முகத்தை மட்டும் ஒரு படத்திலேனும் விளங்கச் செய்ய இயலவில்லை. அவள் பெயர் சோனா. நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். ஒரு துளிக் குருதிக்குள் ஓடி ஒளியும் அணுக்களை மைக்ராஸ்கோப்பின் அடியில் மடக்கிப் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணி விடுவிக்கும் கூர்விழியாள்; அவ்விழியின் அகராதியில் 'ஏறக்குறையத் தெளிவு' என்றொரு சொல் கிடையாது. கடந்த ஓணம் விடுமுறையில் பத்மநாபபுரம் அரண்மனைக்குள், மரப்பலகணி வழியே கசியும் மங்கலொளியில், பாலராமபுரத்துக் கசவுச் சேலை உடுத்து அவள் நாற்பது இடங்களில் நின்றாள். நாற்பதிலும் அவன் படமெடுத்தான். வீடு திரும்பிப் பார்த்தால் தூண்கள் தெளிவாக இருந்தன, கதவின் பித்தளைக் குமிழ்கள் தெளிவாக இருந்தன. சோனா நின்ற இடத்திலெல்லாம் கொடியில் காயப்போட்ட துணி காற்றில் ஆடுவதுபோல ஏதோ ஒன்று இருந்தது. நாற்பதையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவள் எழுந்தாள்.

"இனி ஒரு மட்டம் கூட என் முகம் தெரியல்லெண்ணா, பின்னே உங்க கேமரா முன்னாடி நான் நிக்க மாட்டேன். சத்தியம் ஆக்கும்."

சூளுரை விழுந்தது. திசைகள் நடுங்கினவோ என்னவோ தெரியாது, நிஜின் நடுங்கினான். அதைச் சொல்லும்போது அவள் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. அதுதான் அவனைக் குத்தியது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், அவளுக்கே பிடிக்கும்படி அவளை ஒரு படம்கூட அவன் எடுத்ததில்லை. தான் தினமும் பார்க்கும் முகத்தை அவளுக்கு ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வேறொன்றுமில்லை.

மேலும் காலம் குறுகிக்கொண்டிருந்தது. ஜனவரியில் அஜந்தா பயணம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, லீவும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. குகைக்குள் இருட்டு, ஃபிளாஷ் அடிக்கவோ கூடாது. மிரர்லெஸ் கேமராவோடு கூடப் பிறந்து வந்த குட்டி லென்ஸோ நண்பகலில் புலி, நிழலில் எலி. ஆகவே இருளையும் குடிக்க வேண்டும், தூரத்தையும் இழுக்க வேண்டும், பயணப்பைக்குள்ளும் அடங்க வேண்டும் என்ற முப்பெரும் இலக்கணமும் பொருந்திய ஒரு ஜூம் லென்ஸைத் தேடி நம் வீரன் வாளுருவினான். அதாவது, போனைக் கையில் எடுத்தான்.

ஆங்கே ஒளிப்பட உலகம் இருபெரும் சமயங்களாகப் பிளந்து கிடந்தது. லென்ஸின் வாயிலில் ஒரு துளை உண்டு. துளை பெருத்தால் ஒளி பெருகும். ஆனால் அத்துளைக்கு இட்ட எண் சிறுக்கச் சிறுக்கத் துளை பெருக்கும் என்பது அக்குலத்தின் தலைகீழ்த் தர்மம். இதை நிஜின் சோனாவுக்கு மூன்று தடவை விளக்கினான்; மூன்றாம் தடவை அவள் மீன் கழுவப் போய்விட்டாள். இரண்டு புள்ளி எட்டு என்னும் பெருந்துளை படைத்து, இருளில் கண் விழிக்கும் ஆற்றலும், ஆட்டுக்கல் குழவியின் கனமும் கொண்டது ஒரு லென்ஸ். அதற்குப் பெருந்துளையான் என்று பெயரிடுவோம். நான்கு என்னும் நடுத்தரத் துளையோடு, எட்டாத சிற்பத்தையும் எட்டிப் பிடிக்க நீண்டு வளரும் குழல் படைத்தது மற்றொன்று. அதற்கு நெடுங்குழலான் என்று பெயரிடுவோம். இவ்விரண்டையும் சேர்த்து வாங்க ஓவர்சியர் சம்பளம் இடங்கொடாது.

'எல்லை ஒளிப்பட நண்பர்கள்' என்னும் வாட்ஸாப் குழுவில் இருசமயத்துக் குரவர்களும் இரவுபகலாக அருளுரை வழங்கினர். உதியன்குளங்கரையில் கல்யாண வீடுகளை எடுத்தே கண் சிவந்த அகில், பெருந்துளைச் சமயத்தின் பீடாதிபதி. பொழியூர்க் கடற்கரையில் படகையும் பருந்தையும் எடுக்கும் ஷிபு, நெடுங்குழல் நெறியின் தலைமகன்.

"துளைதான் மக்கா காரியம். வெளிச்சம் இல்லெண்ணா நீ எவ்வளவு நீட்டி என்ன பிரயோஜனம்?" என்று அகில் குரல்பதிவில் முழங்கினான்.

"எலே, கயறு கெட்டி அடைச்சு வச்ச இடத்துக்கு அப்புறம் நிக்கிற சிலையை, நீ துளையை வச்சு எத்திப் பிடிப்பியா?" என்று ஷிபு எதிர்முழக்கம் செய்தான்.

நம் வீரனோ காலையில் அகிலின் சீடன், மதியம் ஷிபுவின் அடியான், மாலை தேநீர் வேளையில் நாத்திகன். மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரு சொல்லும் விளங்காத ஜப்பானியத்திலும் காணொளிகள் கண்டான். பதினெட்டுக் கட்டம் போட்டு அட்டவணை எழுதினான். குகையிருளைப் பழகவேண்டித் தன் வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, பழைய லென்ஸால் மிளகாய்ப்பொடி டப்பாவைக் குறிபார்த்தான். ஓவர்சியர் வீட்டிலேயே கரண்ட் இல்லையா என்று அக்கம்பக்கத்தார் விசாரித்தார்கள். இவ்வாறு திங்கள் மூன்று கழிந்தன. எதிரிகள் எவரும் இல்லாத களத்தில் வீரன் தனியே நின்று தன் தலையையே பிய்த்துக்கொண்டிருந்தான்.

இறுதியில் அவன் நெய்யாற்றின்கரைக்குச் சென்று, கல்யாண போட்டோகிராபர்களுக்கெல்லாம் ஆயுதம் வழங்கும் கிருஷ்ணன்குட்டியின் கடைப்படி ஏறினான். நாற்பதாண்டுக் காலம் கேமராக்காரர்களின் சஞ்சலத்தைக் கண்டு சலித்த கிழவர், இரண்டு லென்ஸையும் ஒரே பையில் போட்டு அவன் முன் வைத்துத் தம் கடையின் ஒரே சட்டத்தைப் பிரகடனம் செய்தார்.

"மக்கா, ரெண்டையும் கொண்டு போய் எடுத்துப் பாரு. திங்களாழ்ச்ச ஒண்ணு திரும்பி வரணும். அதுல எதுக்கெங்கிலும் கேடு வந்தா, பின்னே அது உனக்கு உள்ளது ஆக்கும். வேற பேச்சு இல்ல."

அவ்வாறே ஆகுக என்று தலைவணங்கிய நிஜின் போர்க்களம் தேர்ந்தான். எங்கே உண்டு அஜந்தாவுக்கு நிகரான இருள்? யோசித்து யோசித்து அவன் நெஞ்சில் மின்னலிட்டது அம்பூரி. அங்கே மலைச்சரிவில் அவன் மாமனார் ராஜையாவுக்கு ரப்பர் தோட்டம். அடுக்களைக்குப் பின்னால், ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு உலர்த்தும் புகைப்புரை. ஜன்னல் கிடையாது. வெளியே உள்ள அடுப்பில் விறகிட்டால் புகை தரைக்கடியில் ஓடி உள்ளே எழும். பட்டப்பகலில் ஒளி கால்வைக்க அஞ்சும் அக்கருங்கூடம் ஒரு குகைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஓவியம் இல்லாதது ஒன்றே குறை.

ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் ஸ்கூட்டரில் மலையேறினார்கள். மாமியார் ரத்னபாய் மரச்சீனிக் கிழங்கு அவிக்கத் தொடங்கியிருந்தார். சோனாவை இணங்கவைக்க வீரன் மூன்று நாள் தூது நடத்தியிருந்தான். ஐந்து நிமிஷம், அதற்குமேல் ஒரு நொடி இல்லை என்பது உடன்படிக்கை. ஆலயத்துக்கு உடுத்த அதே இளம்பச்சைச் சேலையோடு, செருப்பை வீட்டு நடையில் கழற்றிவிட்டு, போன்கள் இரண்டையும் சார்ஜில் போட்டுவிட்டு, அவள் முற்றம் கடந்து புகைப்புரைக்குள் புகுந்தாள். காலையில் இட்ட விறகு அணைந்து கொண்டிருந்தது. உள்ளே மெல்லிய புகையும் வேது பிடிப்பது போன்ற வெதுவெதுப்பும். குகையிலும் வாயில் வழியே கொஞ்சம் வெளிச்சம் வருமன்றோ என்று நுணுகி ஆராய்ந்த நிஜின், கதவைச் சாண் அகலம் மட்டும் திறந்து வைத்தான்.

அந்தச் சாண் அகலத்தில்தான் விதி வந்து நின்றது.

முதலில் நெடுங்குழலானைப் பூட்டினான். தேன்நிறத் திரைச்சீலைகளாய்த் தொங்கிய ஷீட்டுகளின் நடுவே சோனா நின்றாள். "கொஞ்சம் அனங்காம நில்லு சோனா" என்று இறைஞ்சி அழுத்தினான். படத்தில் ஷீட்டுகள் தெரிந்தன. சோனாவின் மேல் ரவை தூவினாற்போல் புள்ளி அப்பிக் கிடந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். பழைய இடத்துக்கே போய் நின்றாள். கழற்றி மாட்டும் அவசரத்தோடு, பையிலிருந்து பெருந்துளையானை வெளியே எடுத்தான். இதோ, இருளை வெல்லும் ஆயுதம், மூன்று திங்கள் தவத்தின் விடை, இன்னும் அரை நிமிஷத்தில் அவள் முகம் பூரண சந்திரனாய்ப் பொலியப்போகிறது என்று அவன் மார்பு விம்மிய அத்தருணத்தில், சாண் அகல வெளிச்சம் அணைந்தது. வெளியே 'டக்' என்றது.

ரப்பர் மலையில் எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. புகைப்புரைக் கதவு திறந்து கிடக்கக் கண்டவர் எவராயினும், உடையவனோ வழிப்போக்கனோ, பகைவனே ஆயினும், ஏன் என்று கேளாமல் அதை அடைத்து, கொளுத்து எனப்படும் வெளிக்கொக்கியைப் போட்டுவிட்டுத்தான் அப்பால் நகர வேண்டும். இல்லையேல் புகை வெளியேறி ஷீட் பூஞ்சை பிடிக்கும். அம்பூரியில் பிறந்த சோனாவுக்கு இது தெரியும், ஆனால் அவள் அப்போது தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்ற கவலையில் இருந்தாள். பாறசாலைச் சமவெளியில் பிறந்த நிஜினுக்குத் தெரியாது. தோட்டத்தைச் சுற்றிவிட்டு அவ்வழியே வந்த ராஜையாவுக்கு மிக நன்றாகத் தெரியும்.

"அப்பா!" என்று சோனா கத்தினாள். பயனில்லை. பிரசங்கம் முடிந்த கையோடு காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவது ராஜையாவின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். அவர் காலடியோசை நிதானமாக அகன்றது.

இனித் தொடங்கியது முற்றுகை. ஓவர்சியர் பெருமான் தோள்கொண்டு மோதினான். ஆஞ்சிலிப் பலகைக் கதவு அசையவில்லை, தோள் அசைந்தது. உள்ளங்கையால் அறைந்தான், உட்புறம் அடித்திருந்த தகரம் சோம்பேறித்தனமாக முனகியது. ரத்னபாயின் அடுக்களையிலோ மிக்ஸி தேங்காயை அரைத்துக்கொண்டிருந்தது. ஷீட் தொங்கும் கம்புகளை உருவலாம் என்றால் ஒரு வாரத்து ரப்பர் பால் மொத்தமும் தரையில் விழும். மாமனார் அதை மறுமையிலும் மன்னிக்க மாட்டார். விறகெல்லாம் வெளியே. செருப்பு வீட்டு நடையில். சோனா இருமினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்துக் கரியில் கோடிட்டது.

"கையில என்ன வச்சிருக்கீங்க? அதைக் கொண்டு தட்டுங்க!"

கையில் இருந்தவை இரண்டே: கேமராவில் பூட்டிய நெடுங்குழலான், உள்ளங்கையில் பெருந்துளையான். வீரனின் நெஞ்சில் கிருஷ்ணன்குட்டியின் சட்டம் இடியென ஒலித்தது. இடிப்பது எதுவோ அது நசுங்கும். நசுங்குவது எதுவோ அது நமதாகும். எனில் வேண்டாததைக் கொண்டு இடித்தால் வேண்டாதது அல்லவா ஆயுளுக்கும் வீடு வந்து சேரும், வேண்டியதைக் கொண்டு இடித்தாலோ வேண்டியதன் பல் அல்லவா உடையும், முதற்கண் இவ்விரண்டில் வேண்டியது எது, வேண்டாதது எது என்று பதினெட்டுக் கட்டமும் நிரப்பியும் விளங்கவில்லையே, துளையா குழலா, அகிலா ஷிபுவா என்று, மனைவி மூச்சுக்குத் திணறி நிற்கையில், அம்மாவீரன் இருட்டுக்குள் நின்று சிந்தித்தான். உண்மையாகவே சிந்தித்தான்.

சோனா அவன் கையைத் தடவிப் பார்த்துக் கனமாக இருந்ததைப் பிடுங்கினாள்.

எட்டு அடி. முதலடியில் லென்ஸின் மூடி தெறித்து இருளில் உருண்டது. இரண்டாம் அடியில் தகரம் வெண்கலப் பறையெனப் பேசியது. மூன்றாம் அடியில் ரப்பர் மரங்களிலிருந்து காக்கைகள் எழுந்தன. எட்டாம் அடியில் மிக்ஸி நின்றது.

"இஞ்ச கேட்டியளா? புகைப்புரைக்கு உள்ள யாரோ கிடந்து இடிக்கினும்!" என்று ரத்னபாய் கூவியது தேவகானமாய்க் கேட்டது.

கொளுத்து விலகியது. கதவு மலரத் திறந்தது. மூன்று திங்களாக எந்த ஒளியைத் துளை வழியே துளித்துளியாய்ச் சேகரிக்க நம் வீரன் தவங்கிடந்தானோ, அவ்வொளி அம்பூரி மலையின் நண்பகல் வெயிலாய், தடையின்றி, இலவசமாய், மடை உடைந்தாற்போல் உள்ளே புகுந்தது. புகை வெள்ளையாய்ச் சுருண்டு வெளியேற, அதன் நடுவிலிருந்து சோனா வெளிவந்தாள்; கூந்தல் அவிழ்ந்து, மூக்கில் கரி, கையில் நசுங்கிய லென்ஸ், கண்ணில் நீர்.

"கதவு தொறந்து கிடந்தா அடைக்கணும்லா. எல்லாருக்கும் தெரிஞ்ச காரியம் ஆக்கும்" என்றார் ராஜையா, யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலாக. பிறகு மருமகனைப் பார்த்தார். "மக்கா, நீங்க ரெண்டு பேரும் உள்ள என்ன எடுத்தியோ?"

"அப்பா, அந்த மிஷினைக் காதுல வையுங்கண்ணு எத்தனை மட்டம் சொன்னேன்!" என்று தொடங்கிய சோனா, லென்ஸை ஓங்கிய கையோடு, தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையைத் தட்டித் தட்டிக் கருவியைத் தேடிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமலும் சிரிப்புமாய், திட்டவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல், வெயிலில் நின்று குலுங்கினாள்.

நிஜின் துளையைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்க்கவில்லை, பதினெட்டுக் கட்டத்தில் ஒன்றையும் நினைக்கவில்லை. கேமராவில் பூட்டியபடியே கிடந்த நெடுங்குழலானால் ஒரே ஒரு படம் எடுத்தான்.

மரச்சீனியும் மீன்கறியும் தின்று முடித்தபின் அவள் கேமராவை வாங்கினாள். படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், லேபில் அணுக்களைத் தேடும் அதே கண்ணால் தன் இமைமுடியை எண்ணினாள். நிஜின் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நோயாளியாய் எதிரே உட்கார்ந்திருந்தான். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "எனக்கு அனுப்புங்க" என்றாள், அவ்வளவுதான். தலையில் புகைநாற்றம் என்று குளிக்கப் போய்விட்டாள். அனுப்பினான். அன்றும் மறுநாள் காலையும் அதைப்பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

திங்கள்கிழமை அலுவல் முடிந்து வீரன் கிருஷ்ணன்குட்டியின் அவைக்குச் சென்றான். கதவு இடித்த கதையைக் கேட்ட கிழவர் பெருந்துளையானை எடுத்து, நெளிந்த விளிம்பை விரலால் சுற்றித் தடவி, உள்ளே கண்ணாடி பிழைத்திருப்பதைக் கண்டு, தீர்ப்பு வழங்கினார்.

"கதவு இடிக்கியதுக்கு இதுதான் கொள்ளாம் மக்கா. நல்ல தெரஞ்செடுப்பு. கொண்டு போ."

முழங்குக முரசங்கள்! எழுக பல்லியம்! மூன்று திங்கள் நடந்த மாபெரும் மனப்போர் முற்றுப்பெற்று, இருளில் ஒருமுறையேனும் சோதிக்கப்படாத இருள்வெல்லியாகிய பெருந்துளையான், பல் உடைந்த வாயோடு வீரனின் மடியில் வீற்றிருக்க, அவள் முகத்தைப் படத்தில் பிடித்த நெடுங்குழலானோ கடையின் கண்ணாடிச் சிறைக்குள் மீண்டும் போய்ச் சேர, அகிலின் சமயம் வென்றதென்று குழுவில் வாழ்த்துகள் கொட்ட, ஷிபு 'கஷ்டம்' என்று ஒரே சொல்லில் இரங்கற்பா பாட, அமரவிளைப் பாலம் கடந்து, உதியன்குளங்கரை கடந்து, நெரிசல் மிகுந்த பேருந்தின் பின்னிருக்கையில், வென்றோமா தோற்றோமா என்று அறியாத நிஜின், சோனாவின் சூளுரை இன்னும் தன் தலைமேல் தொங்குகிறதா இல்லையா என்று அறிந்தே தீரவேண்டிய ஆற்றாமையோடு, வரும்போது என்ன வாங்கிவர வேண்டும் என்று கேட்கும் சாக்கில், அவள் வாட்ஸாப்பைத் திறந்தான்.

சோனா அந்தப் படத்தை டிபியாக வைத்திருந்தாள்.